தை மாதக் குளிரும் ஒரு கன்னிக்காலும்

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில். மதியம் 35 பாகை. மழைக்காலத்தின் நடுவில் இப்படிக் காய்ச்சுவது முறையில்லை. காரணம்: பருவக்காற்று பிந்துகிறது.

முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். காரணம் எழுதாமல் வானிலையை எழுதக் கை வராது.

மகன் நிவேந்திரன் திருமண அட்டை கொண்டுவந்தான். தை மாதம், ஜனவரி 25. மணமகள் கலைமகள். மலாக்காவின் செங் வட்டாரத்தில் இவன் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே தரப் பரிசோதனைப் பகுதியில் இருக்கிறாள். நல்ல பிள்ளை. அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால்—

'ஆனால்' என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடமாகப் பேனையைப் பிடித்தபடி இருக்கிறேன். பெண்ணின் தாய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தகப்பன் இல்லை. என் மனைவி போன பின் நான்கு வருடமாக இந்த வீட்டை நடத்துவது அக்கா பராசக்திதான், அவர் அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "எங்கட ஆக்களுக்குள்ள பொம்பிளையே கிடைக்கேல்லையோ தம்பி?"

அட்டையை வாங்கி உறைக்குள் வைத்தேன். அதுவும் ஒரு பதில்தான்.

டிசம்பர் 13, சனி

ஐந்து நாளாக விடாத மழை. காரணம்: பிந்திய பருவக்காற்று, வட்டியும் முதலுமாக.

சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு காரணம். என்னோடு கணக்குப் படிப்பித்த ஹரிதாஸ், கடலை மண் போட்டு நிரப்பியதால்தான் என்கிறான். தே தாரே என்று பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுகிறவர் யாரோ விமானத்தில் உப்புத் தூவுவதாகச் சொன்னார். தங்கா பத்துக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு எல்லாம் நிலாவால் வருவது. நான் சைபீரியாவில் தொடங்கித் தென்சீனக் கடல் வரை வந்தபோது யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "சார் இன்னும் வகுப்பை முடிக்கல லா," என்று ஹரிதாஸ் என் தோளைத் தட்டினான்.

டிசம்பர் 21, ஞாயிறு

முறைப்படி அட்டை கொடுக்கச் செங்குக்குப் போனேன். சம்பந்தியம்மா பெயர் வேலாயி. என்னைவிட ஆறேழு வயது இளையவர். இப்போது ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல். "வாங்க சார், உக்காருங்க சார். என்னா மழை லா இது," என்று வரவேற்றார். சார், சார், சார். எண்ணினால் நாற்பது வந்திருக்கும்.

சுவரில் குதிரைக் காலண்டர். பந்தய நாள்களில் குதிரைப் படம் போட்டிருக்குமே, அதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் பொடி எழுத்தாக ஏதோ எழுதியிருந்தார். லாட்டரியில் நாலு நம்பர் விழுமென்று குறித்து வைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். இவரும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேனா? இல்லை. பார்க்காமலே முடிவு கட்டிவிட்டேன்.

ஜனவரி 3, சனி

காலை 22 பாகை! காற்றாடியை நிறுத்திவிட்டுப் போர்வை தேடினோம்.

ஹரிதாஸ் கைபேசிப் புலனத்தில் அனுப்பியிருக்கிறான்: பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறதாம், அதனால்தான் குளிராம், வெந்நீர் குடிக்க வேண்டுமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்! அவ்வளவையும் விளக்கி எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. வெந்நீர்தான் குடித்துக்கொண்டிருக்கிறானாம்.

ஜனவரி 10, சனி

வியாழன் 34. நேற்று 31. இன்று 22, மழை, காற்று. சட்டைக்கு மேல் சட்டை.

அக்காவும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். தேநீரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "நாள் வைச்ச நாளிலயிருந்து வானம் ஒரு நிலையில இல்லை. நல்ல சகுனமே இது? சித்திரைக்குப் பிறகு பாப்பமெண்டு சொல்லிவிடு."

சித்திரைக்குப் பிறகு என்றால் ஒருபோதும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹரிதாஸ் சொன்னபோது கொதித்த ரத்தம் அக்கா சொன்னபோது ஏன் கொதிக்கவில்லை? நான் சகுனத்தை நம்புகிறவனா? எனக்கென்ன விசரா? இல்லை. ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில் 'பரவாயில்லையே' என்று ஒரு குரல் கேட்டது. அதை எழுதாமல் விட்டால் இந்த நாட்குறிப்பு வைத்திருந்து பயனில்லை. எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

செங்குக்குப் போனேன், திருமணத்தைத் தள்ளிவைக்கக் கேட்க. சகுனம் என்று சொல்ல வாய் வராதென்று வானிலையைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கோயில் திடலில் வெள்ளம் நிற்கலாம், கூடாரம் தாங்காது, வயதானவர்களுக்குக் குளிர் ஆகாது. இப்படி ஒரு ஜனவரியை மலாக்கா கண்டதே இல்லை என்று கடைசியில் ஒரு போடு போட்டேன்.

"கண்டிருக்கு சார்," என்றார் வேலாயி.

உள்ளே போய் ஒரு கட்டு காலண்டரோடு வந்தார். சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருந்தது. முப்பத்தைந்து வருடத்துக் குதிரைக் காலண்டர்கள். கண்ணாடியைப் போட்டேன். ஒரு நம்பர்கூட இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று சொல். 'மழை. போகல.' 'வெயில். போனேன்.' 'பனி. போனேன்.' ஒரு நாள் விடாமல்!

எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"தோட்டத்து ஸ்கூல்ல மூணாவது வரைக்கும்தான் சார் படிச்சேன். எழுத்து மறந்து போயிடும்னு பயம். தெனம் ஏதாச்சும் எழுதணும். எனக்கு வேற என்னா தெரியும்? மழை பேஞ்சா மரத்துக்குப் போக முடியாது, பேயலன்னா போகணும். அதை எழுதுனேன்."

1999 ஜனவரியைப் பிரித்துக் காட்டினார். தொடர்ந்து பதினோரு நாள் மழை. 'குளுரு. போர்வ பத்தல.' அதற்கடுத்த கட்டத்தில்: 'மழை. கலை பொறந்தா.'

திருமணத்துக்கு ஆகாது என்று நான் சொல்ல வந்த அதே குளிரில்தான் அந்தப் பெண் பிறந்திருக்கிறாள்.

"எதனால அப்பிடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். வந்துச்சு, போச்சு. அது மட்டும் தெரியும்."

மற்ற வருடங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். படிப்பித்த காலம் முழுக்க மாணவர்களிடம் 'பதிவு, பதிவு' என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒருவன் ஒரு மாதம் ஒழுங்காக எழுதினதில்லை. நான் மட்டும் என்ன, நடுவில் எத்தனை வருடம் நாட்குறிப்பையே தொடவில்லை. இந்த அம்மா யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல் முப்பத்தைந்து வருடம் எழுதியிருக்கிறார்.

2009 ஆகஸ்டில் ஒரு கட்டத்தில் கண் நின்றது. முதல் நாளும் அடுத்த நாளும் பென்சில் அழுத்தமாக இருந்தது. அந்தக் கட்டத்தில் மட்டும் எழுத்து மங்கல்: 'வெயில். போகல.'

பிள்ளை பெற்ற சமயம் தவிர, அத்தனை காலண்டரிலும் வெயில் அடித்தும் போகாத நாள் வேறு ஒன்றை நான் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "கலையோட அப்பா," என்றார். வீராசாமி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவராம். அவ்வளவுதான். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

அன்றும் எழுதியிருக்கிறார். என் மனைவி போன அன்று நான் என்ன எழுதினேன்? எட்டு மாதம் பேனையையே எடுக்கவில்லை.

தள்ளிவைப்பது பற்றி நான் பிறகு பேசவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தூறல். பால் பொங்கியது. அக்கா என்னோடு பேசவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பொன்னுருக்கு. தட்டார் வந்து தாலிக்குப் பொன்னை உருக்கிக் கொடுத்தார். அதன்பின் முற்றத்தின் ஈசான மூலையில் கன்னிக்கால், அதாவது பந்தக்கால், நட்டோம். முள்முருக்குத் தடி, மாவிலை, மஞ்சள் துணியில் முடிந்த காசு, எல்லாம் முறைப்படி. குழி தோண்டியது நான். மகனையும் விடவில்லை. அறுபத்தாறு வயதில் நானே தோண்டினேனென்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனிக் கல்யாணம் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்துக்கொள்ளக் கூடாது. நிவேந்திரன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

ஜனவரி 19, திங்கள்

கன்னிக்கால் விழுந்துவிட்டது.

விடிந்ததும் பெருங்காற்று, மழை. ஓய்ந்த பின் ஜன்னலைத் திறந்தேன். தடி சேற்றில் கிடந்தது. மாவிலை வேலிக்கு அப்பால். காசு முடிந்த துணி தண்ணீரில் மிதந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கதிரையில் உட்கார்ந்து மெல்லச் சொன்னார்: "இதுக்கு மேல கடவுள் எப்பிடித் தம்பி சொல்லுவார்? இப்பவே போன் பண்ணி நிப்பாட்டு. இல்லையெண்டால் நான் மணவறைக்கு வரமாட்டன்."

மகன் படியில் நின்று எங்களைப் பார்த்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களா?"

நான் என்ன நினைக்கிறேன்? சேற்றில் கிடக்கிற அந்தத் தடியை எடுக்க எனக்கும் பயமாக இருக்கிறதே! படித்த படிப்பெல்லாம் எங்கே போச்சு? சைபீரியா எங்கே, தென்சீனக் கடல் எங்கே? தாயில்லாத பிள்ளை அவன். ஏதாவது ஆகிவிட்டால்—

வேலாயியம்மாவுக்குப் போன் செய்தேன். நிறுத்தச் சொல்லவும் வரவில்லை, வேண்டாமென்று சொல்லவும் வரவில்லை. "கன்னிக்கால் விழுந்துட்டுது," என்றேன். "நாளைக்கு வர்றேன் சார்," என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டுக்குள் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஈசான மூலைக்குப் போய்க் குந்தினார். குழிக்குள் கையை விட்டார். முழங்கை வரைகூடப் போகவில்லை.

"குழி யார் சார் தோண்டுனது?"

"நான்தான்."

"அரை அடிதான் இருக்கு. மண்ணு ஊறிக் கெடக்கு, எப்பிடி நிக்கும்? கன்னு நடவே இது பத்தாது. ஒன்றரை அடி வேணும் சார்."

அவ்வளவுதான்! கிரகமும் இல்லை, சகுனமும் இல்லை, பருவக்காற்றும் இல்லை. ஒரு மாதமாக ஊரே வானத்தைப் பார்த்துக் காரணம் தேடிக்கொண்டிருக்க, குழிக்குள் கையை விட்டுப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தொடாமல் எழுந்து நின்றார். வாசலில் அக்கா நின்றிருந்தார். வேலாயியம்மா அவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நான் புருஷன் இல்லாதவ. ஒங்க மொறையில நான் தொடக் கூடாதுன்னா தொடல. நீங்க தோண்டுங்க சார், நான் ஓரமா நின்னு சொல்றேன்."

அவர் தொடக்கூடாதாம். நானும் மனைவியை இழந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை நான் குழி தோண்டியபோது என்னை ஒருவரும் ஓரமாக நிற்கச் சொல்லவில்லையே! அறுபத்தாறு வயது வரை இந்த ஒன்று எனக்கு உறைக்கவில்லை.

"நீங்களே நடுங்கோ. உங்கட கைதான் சரி," என்றேன். அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

தோண்டினார். எப்படித் தோண்டினார்! ஒரு வெட்டும் வீணாகவில்லை. ஒன்றரை அடிக்கு இறங்கி, அடியில் கல் போட்டு, தடியை நிறுத்தி, மண்ணைத் தள்ளிக் குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்து இறுக்கினார். மாவிலையும் மஞ்சள் துணியும் நான் கட்டினேன். பின் இரண்டு கையாலும் தடியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "ம்," என்றார்.

அக்கா உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தார். கன்னிக்காலுக்கு ஊற்றவா, அவருக்குக் கை கழுவவா என்று சொல்லவில்லை. நீட்டினார். வேலாயியம்மா பாதியைத் தடிக்கு ஊற்றிவிட்டு மீதியில் கை கழுவினார்.

இன்றைய வானிலை எழுத மறந்துவிட்டேன். மழை இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில், பிறகு மழை, தாலி கட்டும் நேரம் வெயில். கூடாரம் தாங்கியது. அக்கா மணவறைக்கு வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனால் வந்தார்.

பெண்ணின் தாயை ஓரத்தில் நிற்க விடவில்லை. நானே கைபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ஹரிதாஸ் வெந்நீர்ப் போத்தலோடு வந்திருந்தான். விடைபெறும்போது வேலாயியம்மா சொன்னார்: "போயிட்டு வர்றேன், சம்பந்தி."

சார் இல்லை!

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். 34 பாகை. செங்கிலிருந்து புதிய குதிரைக் காலண்டர் ஒன்று வந்தது, பென்சிலும் சேர்த்து. மருமகள் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டினேன். அக்கா, குதிரைப் படம் எதற்கு வீட்டில் என்றார். கழற்றவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில்.

பல் விளக்கிக்கொண்டிருந்தவனை அக்கா கூப்பிட்ட சத்தத்தில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பயந்து ஓடினேன். ஈசான மூலையில் குனிந்து நின்றார். கன்னிக்கால் துளிர்த்திருக்கிறது. மூன்று இடத்தில்.

"சம்பந்திக்கு ஒருக்காச் சொல்லிவிடு தம்பி," என்றார்.

காரணம்: ஒன்றரை அடி.