கரையடியில் ஒரு பாட்டில்

ஜூன் 4

ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் இன்று நல்ல கூட்டம். ஊசியை எடுக்கும் முன்பே ஒருவர் மயங்கி விழுந்தார். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் பல். குளத்தில் முக்குளிப்பான் பறவை கூடு கட்டியிருக்கிறதாம், மிதக்கிற கூடு. ஓடையை மறித்து மண்கரை போட்டு, பறவைக்கும் விலங்குக்கும் என்றே இவர் வெட்டிய குளம். போதாததற்குக் கரையின் வெளிச்சரிவில் முள்ளம்பன்றி வளை தோண்டிக் குட்டி போட்டிருக்கிறது. “நம்ம இடம் பிரசவ ஆஸ்பத்திரி ஆயிடுச்சு” என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

ஜூன் 9

வளைக்குக் கீழே, கரையடியில் ஈரம். மழையே இல்லை. கால் வைத்தால் புதைகிறது, அங்கிருந்து நூல் மாதிரி தண்ணீர் ஓடுகிறது.

கரைக்கு நேர் கீழே பள்ளத்தில் நாத்தனார் வீடு. அவளும் அவள் பெண்ணும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

இவருக்குக் காட்டினேன். “மண்கரைன்னா கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்” என்றார். எனக்குத்தான் வேர்த்தது.

ஜூன் 10

கரை போட்டுக் கொடுத்த பொக்லைன்காரரிடம் போனில் கேட்டேன். “தெளிவா வந்தா சரிம்மா. கலங்கி வந்தா உள்ள இருக்கிற மண்ணை அரிச்சுட்டுப் போகுதுன்னு அர்த்தம். உடனே தண்ணிய இறக்கிடுங்க.” வளையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். “எலி வளைன்னாலே அடைக்கச் சொல்வேன். நீங்க முள்ளம்பன்றிய குடிவெச்சிருக்கீங்க!”

தண்ணீரை இறக்க, உபரி நீர் வெளியேறும் வாய்க்காலை ஆழமாக வெட்ட வேண்டும். வெட்டினால் கூடு சேற்றில் உட்கார்ந்துவிடும். முட்டைகள் கீரிக்குத்தான்.

ஜூன் 11

முட்டை பொரியட்டும், குட்டிகள் வளையை விட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். “யாருக்காகக் கட்டினோம்? அதுங்களையே விரட்டவா?”

“உங்க தங்கச்சிகிட்டயாவது சொல்லிடலாமே?”

“வேண்டாம், பயந்துடுவா. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவா.”

போகட்டுமே! ஏன் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை?

ஜூன் 12

நேற்று ராத்திரி ஒழுகும் இடத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலைச் சாய்த்து வைத்தேன். காலையில் எடுத்து, ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குழாயைப் பிடிப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவு.

ஜூன் 13

தெளிவு.

ஜூன் 15

தெளிவு. ஆனால் பாட்டில் சீக்கிரம் நிறைகிறது.

நாத்தனார் வேலியோரம் நின்றாள். “தினமும் அங்க என்னத்தத் தேடுறீங்க, அண்ணி?”

“கீரை” என்றேன். வாயில் வந்தது அதுதான். புல்லைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

“கிடைச்சா எனக்கும் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 18

மழை. வேலையில் மனம் ஒட்டவில்லை. இரண்டு குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன், நல்லவேளை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கரைக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியுமா?

நாத்தனார் பெண் கீழ் அறையில்தான் படிப்பாள், தூங்குவாள். ஜன்னலைத் திறந்தால் நேரே கரை. நினைக்கவே கூடாது என்றால் அதையேதான் நினைக்கிறேன்.

ஜூன் 19

மழை விட்டு விட்டு. பாட்டில் தெளிவு — தெளிவா? இல்லை, தெளிவு என்று நானே சொல்லிக்கொள்கிறேனா?

ஜூன் 20

கலங்கல்.

காலையில் பாட்டிலைத் தூக்கினால் தேநீர் நிறம், அடியில் விரல் கனத்துக்கு மண். இவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இன்னும் ரெண்டு நாள் என்பார். பாட்டிலோடு பள்ளத்துக்கு ஓடிக் கதவை இடித்தேன். “புள்ளைய எழுப்பு, ரெண்டு பேரும் மேல வாங்க, கரை—”

அவள் பதறவில்லை. “மழை ஆரம்பிச்சப்பவே அவளை அவ தோழி வீட்ல விட்டுட்டேன், அண்ணி.”

உள்ளே கீழ் அறைக் கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது.

“ஈரத்தைப் பார்த்த அன்னிக்கே மெத்தைய மாடிக்கு ஏத்திட்டேன். என் வீட்டுக் கொல்லைலதானே தண்ணி ஓடுது, எனக்குத் தெரியாதா? அண்ணன் ஆச்சே, சொல்லாம இருக்க மாட்டார்னு நெனச்சேன். நீங்க கீரைன்னீங்க.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்வெட்டியை அவளே எடுத்தாள். இருவரும் மாற்றி மாற்றி வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தபோது இவர் ஓடி வந்தார். “ஐயோ, கூடு...” என்றார். அவள் பாட்டிலை நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டே வெட்டினார்.

ஜூன் 21

குளம் பாதியாகிவிட்டது. கரையடியில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. கூடு சேற்றில் சாய்ந்து கிடக்கிறது, முட்டைகள் இல்லை. பறவை மட்டும் மிச்சத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வருகிறது. இவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

ஜூன் 24

நாத்தனார் எங்களோடு பேசுவதில்லை. பாட்டில் இப்போது அவளிடம். காலையில் அவளே குனிந்து எடுத்துப் பார்க்கிறாள். என்ன பார்த்தாள் என்று கேட்க எனக்கு வாயில்லை. இவர் வேலியோரம் போய் நிற்பதும் திரும்புவதுமாக இருக்கிறார்.

ஜூலை 6

முள்ளம்பன்றிகள் கிளம்பிவிட்டன. பொக்லைன்காரர் வந்து வளையைத் தோண்டி, களிமண் திணித்து இடித்து அடைத்தார். “இனிமே யாருக்கும் வாடகைக்கு விடாதீங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 13

பெருமழை. எனக்குப் பயம் போகவில்லை. இனிப் போகாது போல.

ஜூலை 14

கரை நிற்கிறது.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் குரல். “அண்ணி, கொஞ்சம் கை குடுங்க. மெத்தையைக் கீழ இறக்கணும். புள்ள வந்துடுவா.”

செருப்புக்கூடப் போடாமல் போனேன். பஞ்சு மெத்தை, பிணக் கனம். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினோம். “ஏத்தும்போது யார் பிடிச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

“யாரைக் கூப்பிடறது? தனியாத்தான்.”

மீதிப் படிகளில் கீழ்ப்பக்கக் கனத்தை நான் வாங்கிக்கொண்டேன். கட்டிலில் போட்டு உதறி விரித்தோம். தலைமாடு சுவர்ப் பக்கமா, ஜன்னல் பக்கமா என்று கேட்டேன்.

“ஜன்னல் பக்கம்” என்றாள்.