சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு

என் அன்பு அக்காவுக்கு,

நீ கண்ணை மூடியபோது தவழ்ந்துகொண்டிருந்த உன் மகள் செல்வி இப்போது ஓடுகிறாள். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவின் கூரைதான் இன்னும் ஒழுகுகிறது. நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் அவள் அந்த ஈரத்தில்தான் கிடக்கிறாள். இருமல் விட்டபாடில்லை.

நாளை தோட்டத்து ஆபீசுக்குப் போய் வெள்ளைக்காரத் தொரையிடம் இதைச் சொல்ல வேண்டும். பெண்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் போய்! விடியற்காலையில் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கும்போது நாலு பேர் சிரித்தால் போதும், என்னைப் பார்த்துத்தான் என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வேனே, மறந்துவிட்டாயா? நீதான் விடுவிடுவென்று போவாய். "என்னாங்கடி சிரிப்பு? எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்டு வருவாய். ஒரு தடவையாவது அது என்னைப் பற்றியதாக இருந்ததா? இல்லை என்று நீ சொன்னாலும், எனக்காக மறைக்கிறாய் என்றே நினைத்தேன்.

இன்று சாயங்காலம் அடுப்பருகே நின்று பேசிப் பார்த்தேன். "தொரை அவங்களே, எங்க புள்ளைங்க நனையுதுங்க!" நம் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாதே, அக்கா. அந்தப் பக்கம் மாரியாயி அக்கா காம்பராவில் குபீரென்று சிரிப்பு. நாளை வயிற்றுவலி என்று சொல்லிப் போகாமல் நின்றுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது செல்வி இருமினாள். எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, சுவரில் ஓங்கித் தட்டினேன். "என்னாக்கா சிரிப்பு? என்னையப் பாத்துத்தானே?"

"அய்யோ, இல்லடி! நீ போட்ட சத்தத்துல, தூங்கிக்கிட்டிருந்த எங்க வீட்டு மனுசன் தலப்பாவ அவுத்துக்கிட்டு எந்திரிச்சு, சலாங்கன்னு நிக்கிறாரு. தொரையே லயத்துக்கு வந்துட்டாருன்னு நெனச்சுட்டாரு!"

நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. என் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது. அடுத்தவர் சந்தோஷத்தையெல்லாம் என் மேல் விழுந்த கல்லாக எண்ணி எத்தனை காலம் ஒதுங்கி நின்றேன்?

நாளை ஆபீசில் இருக்கும் கணக்கப்பிள்ளை நிஜமாகவே என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சிரித்து முடிக்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து பேசுவேன். செல்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டே போகிறேன். கூரையை மாற்றுகிறோம் என்று தொரை வாயால் கேட்காமல் ஆபீஸ் படி இறங்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் மகள் இப்போது 'அம்மா' என்று கூப்பிடும்
உன் தங்கை பொன்னம்மா,
நோர்வூட்.