வால்வை மூடிய பிறகும் எரிந்த நெருப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சுடர் அணையவில்லை. எரிவாயுவைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் புகை குறையும்; ஆனால் ஒரு கட்டத்தில் சுடர் பர்னரை விட்டு எகிறி அணைந்துவிடும். அந்தக் கட்டத்தைத் தள்ளிப்போடத்தான் இத்தனை பாடு. பர்னர் வாயில் விடாமல் மின்துடிப்பு கொடுக்கிறோம். அதில் பிறக்கும் ஊதா நிறப் பிளாஸ்மா, அதாவது மின்னேறி ஒளிரும் வாயு, சுடரைப் பிடித்து வைக்கிறது. எரிவாயுவை முப்பது சதவீதம் குறைத்தும் ஒளி உணரி, 'சுடர் இருக்கிறது' என்றது.

மின்துடிப்புக் கருவியைக் கட்டியவர் எங்கள் ஆய்வகத்து மின்சாரக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மேசையைத் தட்டினார். "ஒரு தடவையாவது சிரிங்க மேடம். நம்பர் கடிக்காது."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

முப்பது அதிகம். நான் எதிர்பார்த்ததே பத்து, பன்னிரண்டு.

வீட்டில் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிரவில்லை. "அந்த நெருப்பே வந்து சாட்சி சொன்னாலும், அடையாள அட்டை இருக்கான்னு கேப்ப நீ."

மார்ச் 6, வெள்ளி

உணரி பார்ப்பது சுடரின் ஒளியை. பிளாஸ்மாவும் ஒளிர்கிறதே? அந்த ஒளியைத் தடுக்க வடிகட்டி போட்டிருக்கிறோம், போதும் என்று நானும் மின்சாரக்காரரும் இருந்துவிட்டோம். போதுமா?

அடுத்த வியாழன் மதிப்பீட்டுக் குழு வருகிறது. முப்பது என்று அறிக்கை அனுப்பிவிட்டோம்; அதை நேரில் பார்த்தால் மின்சாரக்காரருடைய ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டுவார்கள். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி. இந்த வேலையை நம்பித்தான் மகளைப் பள்ளி மாற்றிச் சேர்த்திருக்கிறார். என் வேலை நிரந்தரம் — சந்தேகப்படுவது எனக்குச் செலவில்லாத காரியம்.

மார்ச் 9, திங்கள்

மின்சாரக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்துபோய் எரிவாயு வால்வை முழுக்க மூடினார். மின்துடிப்பு மட்டும் ஓடியது. திரையில்: சுடர் இருக்கிறது.

"காஸே இல்லாம எரியற அடுப்பு மேடம். வீட்டுக்கு ஒண்ணு குடுத்துடலாம்" என்றார்.

குழு வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கக்கூடாதா என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. "நல்லவேளை, அவங்க பாக்கறதுக்கு முன்னாடி பாத்தோம்" என்றார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தேவைக்கு அதிகமாகவே துடைத்தேன்.

மார்ச் 11, புதன்

நேற்றும் இன்றும் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததாகவே தெரியவில்லை. இப்போது மின்துடிப்பு அடிக்கும் கணத்தில் உணரி கண்ணை மூடிக்கொள்கிறது. இடைவெளியில் மட்டும் திறந்து பார்க்கிறது. வால்வை மூடினோம் — 'சுடர் இல்லை.' இந்த இரண்டு வார்த்தைக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யார் கண்டார்கள்.

திரும்ப எல்லாவற்றையும் அளந்தோம். பதினொரு சதவீதம். மின்துடிப்பை நிறுத்தினால் சுடர் போகிறது. கொடுத்தால் நிற்கிறது. விளக்கை அணைத்துவிட்டு பர்னர் பெட்டியின் ஜன்னல் வழியாகக் கண்ணாலும் பார்த்தேன்: கீழே ஊதா, மேலே நீலம். சின்னதுதான். ஆனால் நிஜம்.

மார்ச் 12, வியாழன்

குழுத் தலைவி கேட்டார்: "போன வாரம் முப்பதுன்னு அனுப்பியிருந்தீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மின்சாரக்காரர், "தப்பா அனுப்பிட்டோம். எப்படித் தப்பாச்சுன்னு காட்டறோம்" என்று பழைய இணைப்பைக் கொடுத்து வால்வை மூடினார்.

திரையைப் பார்த்த தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவ மூடுங்க."

மார்ச் 20, வெள்ளி

ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். மூன்று இல்லை, ஒன்று. வீட்டுக்குப் போன் செய்து, "மாமா, கிடைச்சிடுச்சு" என்று தன் மாமனாரிடம் முதலில் சொன்னார் மின்சாரக்காரர். சரியான நச்சரிப்பு ஆள் என்று இத்தனை நாள் புலம்பிய அதே மாமனார்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் மின்சாரக்காரர் பின்னறையிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகளை இழுத்து வந்தார். அவருடைய புத்தகங்கள், கருவிகள், மகள் வரைந்த படங்கள். எப்போது கட்டினீர்கள் என்றேன்.

"வால்வை மூடினோமே, அன்னைக்கு சாயங்காலம்."

எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டுத்தான் மறுநாள் வந்து உட்கார்ந்து அந்த உணரியைச் சரிசெய்திருக்கிறார்.

பெட்டிகளின் கட்டைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"மேடம், முட்டி வலிக்கப்போகுது."

"வலிச்சா வலிக்கட்டும். அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன்.