உன் நோட்டின் காலிக் கட்டங்கள்

என் பாப்பு,

பாடாங் மேஹா வீட்டுக்கு ஜோசப் வந்திருந்தான், உன்னோடு ஆராய்ச்சி செய்தவன். கட்டுரையை முடிக்க உன் நோட்டு வேண்டுமாம். உன் பெயர்தான் முதலில் வருமாம். நீ செத்துப் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, இவனுக்கு என்ன அவசரம்?

நோட்டைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் வராது, கட்டம் தெரியும். கூலிம் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாகக் கணக்குத் தாளில் கட்டம் நிரப்புகிறேனே. அங்கே ஒரு கட்டம் காலி என்றால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். உன் நோட்டில் பாதிக்கு மேல் காலி. உன் சாமான்களைக் கட்டி அனுப்பியது லேப்காரர்கள்தானே, அவர்கள் எதையாவது மறைத்தார்களா? ஜோசப்பிடமே காட்டிக் கேட்டேன்.

"வேணும்னே விட்டது லா அக்கா," என்றான். "நியூட்ரான் கதிரை ஒரு பொருள் மேல விட்டா நாலா பக்கமும் சிதறும். எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுதுன்னு பார்த்துத்தான் உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். வெளிநாட்டு லேப்ல எங்களுக்குக் கிடைச்சது மூணே நாளு. ஒவ்வொரு அளவுக்கு அப்புறமும் உங்க தங்கச்சி கணக்குப் போடுவா, அடுத்து எங்க அளந்தா அதிகம் தெரியும்னு. பதில் தெரிஞ்ச இடத்தை விட்டுடுவா."

டுரியான் பழம் வாங்கும்போது நீயும் இப்படித்தான் சொன்னாய். "எல்லா பக்கமும் தட்டாதக்கா. சந்தேகம் எங்கேயோ அங்க தட்டு."

சரி, இவனை எங்கே தட்டுவது? என் தங்கச்சி பெயரைப் போடுவாயா என்றால் திருடனும் ஆமாம் என்பான், நல்லவனும் ஆமாம் என்பான். ஆளுக்கு ஆள் பதில் மாறுகிற கேள்வி வேண்டும்.

நோட்டில் ஒரு நாள் தேதி போட்ட முழுப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தாய். கீழே தமிழில், 'என் தவறு'. என்னால் வாசிக்க முடிந்த ஒரே வரி. அதைக் காட்டாமல் கேட்டேன்.

"ஒரு நாள் வேலை வீணாப் போச்சாமே. யார் தப்பு தம்பி?"

கோப்பையைக் கீழே வைத்தான். "என் தப்புதான்க்கா. சாம்பிளை மாத்தி வச்சுட்டேன்."

செத்தவள் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம், அவன் போடவில்லை. ஆனாலும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அவனைக் காப்பாற்ற நீ அப்படி எழுதினாயா? இல்லை, என்னிடம் நல்ல பெயர் வாங்க அவன் பழியை ஏற்றுக்கொண்டானா?

"ஞாயித்துக்கிழமை வா. இங்கேயே உக்காந்து எழுதிக்கோ, சோறு போடறேன். நோட்டு வெளிய போகாது."

"என்னைத் திருடன்னு நினைக்கிறீங்களாக்கா?"

"இன்னும் அளந்து முடிக்கல லா."

சிரித்தான். கண் கலங்கியிருந்தது. அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

உன் பெயர் முதலில் அச்சாகி வரும்வரை இந்த நோட்டு என் அலமாரியில் இருக்கும். நீ காலியாக விட்ட கட்டத்தில் எவன் கையையும் ஒரு எண்கூட எழுத விடமாட்டேன், இது சத்தியம்.

அந்த வீணாய்ப் போன ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லு பாப்பு. உண்மையில் யார் தப்பு?

இன்னும் உன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அக்கா