பின்பக்கத்துத் துரு

ஜூன் 6, திங்கள்

வேலைவாய்ப்பு அலுவலகம் என்னை இந்த மணல்மேட்டுக்கு அனுப்பி நான்கு வாரம். பழங்கால இங்கிலாந்தில் வாழ்ந்த சாக்சன் மக்களின் கல்லறைகளைத் தோண்டுகிறார்கள். நான் பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷால் கழுவுகிறேன். எனக்குப் பொறுமையான கை என்று, தோண்டலை நடத்தும் மிஸ் ஹேடன் சொன்னார். பள்ளியில் யாரும் என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

ஜூன் 7

இருபத்திரண்டாம் குழியில் ஒரு பெண். எலும்புகூட மிஞ்சவில்லை. மணலில் கறுப்பாக ஒரு நிழல், தோளருகே உடையில் குத்தும் ப்ரூச் ஒன்று. குழி தோண்டும் டெஸ்மண்ட் அதை ஓடுகளோடு என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பின்பக்கம் துருக்கட்டி. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, பிரஷால் தேய்த்துக் கழுவினேன். முன்னால் பூ வேலை பளிச்சென்று தெரிந்தது. அவளுக்காகச் செய்தது போல இருந்தது.

ஜூன் 8

மிஸ் ஹேடன் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி இருந்த துரு எங்க?"

குழியில் கிடந்த பெண் உடுத்தியிருந்த துணியின் நெசவு அந்தத் துருவில்தான் ஒட்டியிருந்ததாம். அவளுடையதாக மிஞ்சியது அது மட்டும்தான்.

"என் தலையிலயே போடுங்க மிஸ், வீட்லயும் அதான் நடக்குது" என்றார் டெஸ்மண்ட். யாரும் சிரிக்கவில்லை. துருவை எடுத்தது அவர்தான் என்று நினைத்து, அவரைக் குழியிலிருந்து எடுத்து மண் தள்ள விட்டுவிட்டார்கள்.

நான்தான் சுரண்டினேன் என்று சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அந்த அலுவலகத்துப் பெஞ்சுதான்.

ஜூன் 9

துருவைத் தேய்ப்பது தப்பா? வீட்டில் தேய்க்காவிட்டால்தானே அம்மா திட்டுவாள். தொடாதே என்று யாரும் சொல்லல. தொடுன்னும் சொல்லலயே...

ஜூன் 10

டெஸ்மண்ட் தள்ளுவண்டியை நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்க முடியவில்லை. மிஸ் ஹேடனிடம் போய்ச் சொன்னேன்.

"என்னம்மா முணுமுணுக்கிற? சத்தமா சொல்லு."

"நான்தான் தேய்ச்சேன் மிஸ்."

திட்டவில்லை. கழுவின தண்ணியை எங்கே கொட்டினேன் என்று மட்டும் கேட்டார். எங்கும் கொட்டவில்லை. கொட்டும் இடத்தில் ஆண்கள் நின்று புகைப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சம். எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் வாளிகளில்தான் இருக்கிறது.

மிஸ் ஹேடன் சிரித்தாரா, அழுதாரா? தெரியவில்லை.

ஜூன் 13

வாளித் தண்ணியை டீ வடிகட்டியில் ஊற்றி ஊற்றித் தேடினேன், வெறும் சேறு. நாள் முழுக்க. எதுவும் இல்லை.

ஜூன் 15

டெஸ்மண்ட் குழிக்குத் திரும்பிவிட்டார். மூன்றாவது வாளியில், என் சுண்டுவிரல் நகமளவு ஒரு துருச்செதில். லென்ஸில் பார்த்தேன்: குறுக்கும் நெடுக்குமாக நூல். யாரோ நெய்தது.

அதன் பதிவுச் சீட்டில், கண்டெடுத்தவர் என்ற கோட்டில் மிஸ் ஹேடன் என் பெயரை எழுதினார். சந்தோஷப்படலாமா என்று புரியவில்லை. கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவை வாங்கி, தேய்த்தவள் என்று என் பெயரை இன்னொரு தடவை எழுதினேன்.

அவர் அதை அடிக்கவில்லை.