பாடையில் தம்பி

சனிக்கிழமை இரவு, தேவாரத்தில் எங்கள் வீடு.

தம்பி இன்னும் வரவில்லை. தேனியில் கச்சேரி முடிந்து வெகு நேரமாகிறது. போன் அணைந்து கிடக்கிறது.

எங்கள் ராக் பாடகர் முகமெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு வருவார். ஒவ்வொரு மேடையிலும் ஒரு ரசிகரைப் பாடையில் படுக்கவைத்து, அவர் பேரைச் சொல்லி ஒப்பாரி பாடுவார். கடைசி டிரம் அடிக்குப் படுத்தவர் துள்ளி எழுந்து ஆட வேண்டும். அந்த இடத்துக்கு ரசிகர்கள் அடித்துக்கொள்வோம். அவருடைய ஆல்பம் எல்லாம் எனக்கும் தம்பிக்கும் மனப்பாடம். இந்த முறை பாடையில் படுக்க அவன் பேரை ரசிகர் குழுவில் போட்டது நான்தான். காய்ச்சல் என்பதால் நான் போகவில்லை.

சாயங்காலம் அவன் கூட்டாளி வீடியோ அனுப்பினான். பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். பாடகர் தம்பி பேரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டதும் அம்மா முகம் மாறிவிட்டது.

"உசுரோட இருக்க பிள்ளைக்கு ஒப்பாரியாடி? அதப் பாத்து கை வேற தட்டுறாக!"

வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்தாள். எழவு வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி, குளித்துவிட்டுத்தான் அவன் உள்ளே வர வேண்டுமாம். அப்போது கேலி செய்தேன். இப்போது கேலி வரவில்லை. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போகிறேன். எல்லாம் நிற்காமல் போகிற வண்டிகள். வீடியோ அனுப்பிய கூட்டாளியும் போனை எடுக்கவில்லை.

சற்று முன் அம்மா இருட்டிலிருந்து கேட்டாள். "கடேசில எந்திரிச்சான்ல?"

"எப்பவும் எல்லாரும் எந்திரிச்சிருவாகம்மா" என்றேன்.

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கடைசி அடிக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது.