ஆள் உயரக் கண்ணாடி

மயிலாப்பூர்
8 ஜனவரி 2025

ஜோனுக்கு,

ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

உன் கடிதம் நேற்று வந்தது. அண்ணன் நலமா என்று ஒரு வரி. அதற்குப் பிறகு முழுக்க ஓட்டல். பிப்ரவரி 13 முதல் 16 வரை தங்க வேண்டும், மயிலாப்பூருக்குப் பக்கமாக நடுத்தரமான ஓட்டல், நாலு ரூம். லிஃப்ட் இருக்க வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும், விடிகாலையில் வெந்நீர் வர வேண்டும், கார் வாசல்வரை வர வேண்டும், ஒரு ரூமிலாவது ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வேண்டும். அண்ணன் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால் நிம்மதி என்று எழுதியிருக்கிறாய்.

உனக்கு மயிலாப்பூரில் ஒரு வீடு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது கேட். நீ பிறந்த வீடு. கல்யாணம் குடும்பம் என்று எதுவும் இல்லாத நான் ஒருவன்தான் இப்போது அதில் இருக்கிறேன். மற்ற ரூம்களில் தூசி குடியிருக்கிறது.

அப்பா அடக்கத்துக்கு வந்தபோதும் இப்படித்தான். அப்பா ஹாலில் பெட்டியில் படுத்திருக்கிறார், மகள் ராயப்பேட்டை ஓட்டலில் படுத்திருக்கிறாள். ஜெபம் முடிந்ததும் நீயும் உன் வீட்டுக்காரரும் ஆட்டோ ஏறிப் போனதைத் தெருவே நின்று பார்த்தது. ஏன் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

கடைசி வரியில் போனில் பேசலாமே என்கிறாய். வேண்டாம். போனில் சொன்னதை அப்புறம் சொல்லவே இல்லை என்றுவிடலாம். எழுதினதை அப்படிச் செய்ய முடியாது. முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரியும்.

எதற்கு வருகிறாய் என்பதை மட்டும் எழுதவில்லை. நாலு ரூம் என்றால் எட்டுப் பேர். உங்கள் வீட்டில் நீ, உன் வீட்டுக்காரர் கிளிஃபர்ட், பெண் ஜொவிட்டா, மூன்று பேர்தானே? மீதி ஐந்து பேர் யார்? அதை எழுது. பிறகு ஓட்டலைப் பார்க்கலாம்.

இக்னேஷியஸ்


பொன்மலை, திருச்சி
17 ஜனவரி 2025

இயேசுவுக்குப் புகழ்!

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை ஜோன் எழுதுவது.

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே திட்டுதான் இருந்தது. இருக்கட்டும், ஆறு வருஷம் கழித்து வந்த திட்டு. இரண்டு தடவை படித்தேன். பொங்கல் விடுமுறையில் தபால் கட்டு தேங்கிவிட்டதாம், அதனால்தான் பதில் தாமதம்.

உடம்பு எப்படி இருக்கிறது? இன்னும் அந்த மெஸ் சாப்பாடுதானா? சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், ஞாபகம் வந்தபோது அல்ல.

அப்பா அடக்கத்தின்போது ஏன் ஓட்டல் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நம் வீட்டில் இருந்தது இந்தியன் டாய்லெட். அவரால் உட்கார முடியாது. ‘துக்க வீட்டில் போய் இதைச் சொல்வியா, மானம் போகும்’ என்று என் வாயை அடைத்துவிட்டார். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

இப்போது எதற்கு வருகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கடிதம் எழுதின பிறகு பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்துபோய்விட்டது. நம் கோயிலில் கேட்டிருப்பீர்கள். இனி நான் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? முதலில் உங்கள் கையில் கொடுக்க வேண்டியதை, நானும் அவரும் பிப்ரவரி 2 அன்று நேரில் கொண்டுவந்து கொடுக்கிறோம். அதைத் தபாலில் அனுப்பக் கூடாது. உங்களுக்குத் தெரியாத முறையா?

ஜொவிட்டா தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள். ‘மாமா என்ன எழுதினாரு?’

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அண்ணா. ‘ஏன் ஓட்டல்’ என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ‘வீட்டுக்கு வா’ என்று ஒரு வரி எழுதவில்லை. ஓட்டல் விவரமாவது அனுப்புங்கள்.

அன்புத் தங்கை,
ஜோன்


மயிலாப்பூர்
22 ஜனவரி 2025

ஜோனுக்கு,

ஓட்டல் விவரம்தானே கேட்டாய். இதோ.

வழக்கமாக என்னைக் கல்லூரிக்குக் கொண்டுவிடும் ஷரஃபுதீனின் ஆட்டோவில்தான் போனேன். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருப்பதால் ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணி ஆள், வாய் சும்மா இருக்காது.

“இன்னா சார், இம்மாம் பெரிய வூட்ட வெச்சிக்கினு ஓட்டல் தேடிக்கினு கீறீங்க?”

“எனக்கில்லய்யா. தங்கச்சிக்கு.”

“அத்தான் சார் கேக்கறேன். தங்கச்சிக்குன்னா வூடு. உங்களுக்குன்னா ஓட்டல் பாத்துக்கலாம்.”

எனக்குச் சந்தேகம், நீ இவரிடமும் பேசியிருக்கிறாயோ என்று.

முதல் ஓட்டல் ராயப்பேட்டையில். லிஃப்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாது. ரூமில் மல்லிகை ஸ்ப்ரே அடித்துவைத்திருந்தார்கள். வாசனை இவ்வளவு தூக்கலாக இருந்தால் அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். ஜன்னல் திரையை விலக்கினேன், பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அது வேண்டாம்.

இரண்டாவது தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே தள்ளி. ரிசப்ஷனில் பூஜா என்று ஒரு பெண்.

“நெட்ல போட்ட போட்டோல இருக்கிற ரூம் இது இல்லயேம்மா.”

“அது சூப்பர் டீலக்ஸ் சார். இது டீலக்ஸ்.”

“அப்ப வெறும் ரூம்னு ஒண்ணு?”

“எங்ககிட்ட டீலக்ஸ்லேருந்துதான் சார் ஆரம்பம்.”

டாய்லெட்டில் மூடியைப் போட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். உன் வீட்டுக்காரர் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள வாஷ்பேசின் எட்டும். வெந்நீர் குழாயைத் திறந்துவிட்டுச் சூடாகும்வரை நின்றேன். விடிகாலையில் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுமாம். இட்லி, பொங்கல் வாடகையிலேயே சேர்த்தி. வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்களாம், பழம் விடுவார்களாம். பழத்துக்குள் பிரியாணி இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன், அந்தப் பெண் சிரித்தாள். பீரோக் கதவில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறது.

“கண்ணாடி கேட்டாங்களா சார்? கல்யாணப் பொண்ணு தங்கறாங்களா?”

“இல்லம்மா. வக்கீல் பார்ட்டி.”

“வக்கீலுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய கண்ணாடி?”

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கும்.

ஆமாம் ஜோன், எனக்குப் புரிகிறது. தபாலில் அனுப்பக் கூடாததும் கையில்தான் கொடுக்க வேண்டியதுமான பொருள் என்ன? பாகப்பிரிவினைப் பத்திரம். அல்லது வக்கீல் நோட்டீஸ். நீ யாரென்று எழுதாத அந்த ஐந்து பேரில் ஒரு வக்கீல், ஒரு சர்வேயர், வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறவன் ஒருவன். கண்ணாடி அவனுக்காக இருக்கும்.

கோயிலில் கேட்டிருப்பேன் என்கிறாய். யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? அங்கே நான் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. ஆனால் பத்து நாளாகத் தெருவில் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர் மருந்துக்கடை வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “ரொம்ப சந்தோஷம் சார், நல்லபடியா நடக்கணும்” என்றார். என் வீடு போவதில் அவருக்கு என்ன சந்தோஷம்?

முட்டி விஷயம் படித்தேன். ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறது. வேண்டியபோது வரவில்லை, வீடு வேண்டியிருக்கும்போது வருகிறது.

இரண்டாம் தேதி வா. கேட் பூட்டியிருக்கும்.

இக்னேஷியஸ்


பொன்மலை, திருச்சி
25 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. ஜொவிட்டாவிடமும் காட்டவில்லை. ‘மாமா ஓட்டல் பாத்துட்டாரு’ என்று மட்டும் சொன்னேன். துள்ளினாள்.

வக்கீல், சர்வேயர். கோயிலில் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், ஒன்றும் தெரியாதவர்போல் அந்த ஐந்து பேர் யார் என்று கேட்கிறீர்கள். அவருடைய தம்பியும் தம்பி குடும்பமும் அண்ணா. வேறு யார் வருவார்கள்? இதற்கு ‘வராதே’ என்று நேராக எழுதியிருக்கலாம்.

நீங்கள் பார்த்த தி. நகர் ஓட்டலையே போனில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பூஜா கேட்டாள். “ஒரு சார் வந்து கமோட் மேலல்லாம் உக்காந்து பாத்துட்டுப் போனாரு மேடம், உங்க அண்ணாவா? ரொம்ப அக்கறை மேடம் அவருக்கு.” சிரித்துவிட்டு, போனை வைத்ததும் அழுதேன். இவ்வளவு பார்த்தீர்களே, ஏன் அண்ணா பார்த்தீர்கள்?

கல்யாணம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் என்று முடிவானபோது, அது நம் கோயிலாகவே அமைந்ததே என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன். என் பெண் என் அப்பா வீட்டு வாசல்படி இறங்கிக் கோயிலுக்குப் போவாள் என்று நினைத்தேன். நான் இறங்கின படி அது. ஓட்டலைப் பார்த்துத் தரச் சொன்னால் ‘ஓட்டல் எதுக்கு, வீடு இருக்கு’ என்று எழுதுவீர்கள் என்று நினைத்துத்தான் உங்களிடம் கேட்டேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லை.

இரண்டாம் தேதி நாங்கள் வருவோம். பூட்டியிருந்தால், பத்திரிகைத் தட்டை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறோம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. வேறு யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டேன்.

ஜோன்


மயிலாப்பூர்
29 ஜனவரி 2025

ஜோன்,

நேற்று உன் கடிதம் வந்தது. ‘கல்யாணம்’ என்ற சொல்லில் நின்றவன், மேலே படிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் மெழுகுவர்த்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், வழி தெரியாம வந்துட்டீங்களா?”

“ஞாயித்துக்கிழமை பூசையில எங்க குடும்பத்தைப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?”

“ஏதாவதா? மூணு வாரமும் கல்யாண ஓலை வாசிச்சாச்சு சார். நாந்தான் வாசிச்சேன். பொன்மலை கிளிஃபர்ட், ஜோன் பொண்ணு ஜொவிட்டாவுக்கும் நம்ம கோயில் பங்கைச் சேந்த ஆஸ்வால்டுக்கும், பதினஞ்சாந்தேதி கல்யாணம். தெரியாதா உங்களுக்கு?”

“என்கிட்ட ஏன்யா யாரும் சொல்லல?”

“தாய்மாமனுக்குப் போயி நான் சொல்றதா? நல்லா கீது சார் உங்க நாயம். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு மூணு வாட்டி கேட்டுட்டேன். ஒருத்தரும் வாய் தொறக்கல. உங்க பெஞ்சிதான் காலியாவே கெடந்துச்சி.”

என் பெஞ்சு காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் கோயில் கமிட்டியில், பூசையில் பைபிள் வாசகம் படிப்பவர்கள் வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவனைப் போட்டார்கள். அன்றிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேறு கோயிலில் ஆங்கிலப் பூசை பார்த்துவிடுகிறேன். அங்கே நம் ஓலையை யார் வாசிப்பார்கள்? இது உனக்குத் தெரியாது. தெரியாதவள் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஓலை முடியும்வரை வாயால் சொல்லக் கூடாது, பத்திரிகை தபாலில் போகக் கூடாது என்று அம்மா காலத்து முறையைக் கட்டிக்கொண்டு, அண்ணனை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய். அந்த டீச்சரம்மாவிடம் நான் “வீட்டை விடுறதா இல்ல” என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போது என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. விவரம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பாவைக் குழியில் இறக்கும்போது எல்லாரும் மண்டியிட்டோம். உன் வீட்டுக்காரர் மட்டும் காலை நீட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்காமலா இருந்தேன்? அடக்கம் முடிந்த மாதமே ஆளை வரவழைத்து, பின்பக்க ரூமை ஒட்டி வெஸ்டர்ன் போட்டாயிற்று. எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் சுவரில் வைத்தேன். அந்த ஓட்டலில் கம்பி இல்லை. நீ வந்தால் காட்டலாம் என்று இருந்தேன். நீ வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. போட்டதிலிருந்து அதை யாரும் உபயோகித்ததில்லை. ஃப்ளஷ் சரியில்லை என்று கிளிஃபர்ட் குறை சொல்வார், எனக்குத் தெரியும்.

அம்மாவின் பீரோவை மேல் ரூமிலிருந்து இறக்கிவிட்டேன். ஷரஃபுதீன் ஒரு பக்கம் பிடித்தார். “அப்பவே சொன்னனே சார்” என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறக்கினார். அதில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறது. ஓரத்தில் ரசம் போயிருக்கிறது, நடுவில் நன்றாகத் தெரிகிறது. உன் கல்யாணத்தன்று நீ நின்ற கண்ணாடி. ஹீட்டர் வேலை செய்கிறது. கேட்டைப் பற்றி எழுதினதை மறந்துவிடு, அந்தப் பூட்டு துருப்பிடித்துப் போயிற்று.

ஓட்டலுக்குப் போன் செய்து இரண்டு ரூமை ரத்து செய்யச் சொன்னேன். கிளிஃபர்ட் தம்பி குடும்பம் அங்கேயே இருக்கட்டும், அவர்களை எனக்குப் பழக்கமில்லை. “மேடம் சொன்னாத்தான் சார் கேன்சல் பண்ண முடியும்” என்கிறாள் அந்த பூஜா. ஆக, அது இனி உன் கையில் இருக்கிறது. வீட்டுக்கு வா. எழுதவில்லை என்றாயே, எழுதிவிட்டேன்.

இந்த ஆஸ்வால்டைப் பற்றி இரண்டு இடத்தில் விசாரித்தேன். குடி இல்லை, கடன் இல்லை, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறானாம், கிடாரும் வாசிக்கிறானாம். ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் விசாரிக்கிறேன்.

ஜொவிட்டாவிடம் சொல், படியில் முதல் கல் ஆடுகிறது. புடவையோடு இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கீழே ‘இக்னேஷியஸ்’ என்று போட்டுப் பார்த்தேன், நோட்டீஸ் மாதிரி இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். ‘அன்புள்ள அண்ணன்’ என்று போடலாம்தான். ஆனால் நீ அதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று அழுவாய், இன்னும் எல்லாம் சரியாகவில்லை. இரண்டாம் தேதி தட்டோடு வாசலில் நின்று நீ எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்ட பிறகு முடிவு செய்துகொள்கிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும். கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.